மார்கழியில் செம்பாறை நாட்டுக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில், மேற்படிப்பு படிக்கிறாள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், டிசம்பர் மாதத்தின் முதல் மூன்று வாரங்கள், நீங்களும் மனைவியும் அங்கே தங்கப் போகிறீர்கள். அங்கிருந்து மோவாப் என்னும் ஊருக்குப் போய், பாலைவனத்துச் செம்பாறை வளைவுகளைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஆசை. ஆனால், இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் கோயிலில் சந்தித்த ஒருவர், "அது ஆளில்லாத பருவம், கடையெல்லாம் மூடிக் கிடக்கும், விறைத்துப் போவீர்கள், ஏப்ரலுக்குத் தள்ளிப் போடுங்கள்" என்று சொல்லி உங்களைக் குழப்பிவிட்டார். மனைவிக்கு முழங்கால் வலி. மார்கழி பிறந்தால் இருவரும் சைவம். இந்த நிலையில் போகலாமா, போனால் எப்படி, என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். என் மூத்த மகன் அந்த மாநிலத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் மூன்று டிசம்பர்களிலும் ஒரு மே மாதத்திலும் மோவாப் போயிருக்கிறேன். மே மாதப் பயணத்தில் என் நினைவில் நிற்பது, ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் நுழைவாயிலுக்கு முன்னால் நின்ற கார் வரிசைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் பேர் வருகின்ற இடம் அது. நெரிசல் தாங்காமல், 2022 முதல் 2025 வரை கூட்ட மாதங்களில் நுழைவு நேரத்தையே முன்பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். டிசம்பரில் அந்தக் கட்டுப்பாடு ஒருபோதும் இருந்ததில்லை; பூங்கா ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. பார்வையாளர் மையம் மட்டும் கிறிஸ்துமஸ் நாளில் மூடியிருக்கும். நீங்கள் அதற்குள் திரும்பிவிடுவீர்கள். ஆகவே "எல்லாம் மூடிக் கிடக்கும்" என்பது ஊருக்குள் ஓரளவு உண்மை, பாறைகளைப் பொறுத்தவரை உண்மையில்லை.

ஆனால், கூட்டமும் செலவும் குறைவு என்பதற்காக மட்டும் நான் டிசம்பரைப் பரிந்துரைக்கவில்லை. அந்த நிலத்தின் குளிர்கால அழகுக்கும் குளிர்கால ஆபத்துக்கும் காரணம் ஒன்றே: தாழ்ந்து செல்லும் வெயில். அதைப் புரிந்துகொண்டால் பயணத் திட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

கணக்கு எளிது. மோவாப் வடக்கு அட்சரேகை 38½ பாகையில் இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில், நண்பகலில்கூட, அங்கே சூரியன் தொடுவானிலிருந்து 28 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. அதே நாளில் சுங்கை சிப்புட்டில் நம் தலைக்குமேல் ஏறும் நண்பகல் வெயில் 61 பாகைக்கும் அதிக உயரத்தில் நிற்கும். நம் ஊரில் மாலை ஐந்தரைக்கு நாம் பார்க்கும் சாய்வெயில், அங்கே உச்சிப்பொழுதிலேயே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நண்பகலில் அந்தப் பாறைகளின்மேல் வெயில் செங்குத்தாக விழுந்து, நிறம் வெளிறி, நிழலே இல்லாமல் சுட்ட செங்கல் போலத் தட்டையாகத் தெரியும். டிசம்பரில் நாள் முழுவதும் வெயில் பக்கவாட்டில் விழுவதால், ஒவ்வொரு பிளவும் ஒவ்வொரு மடிப்பும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். நம் ரப்பர் தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது, பால் குறைந்துவிட்டதே என்று தோட்டக் கணக்கரான கிராணி முதல் பால்வெட்டுக்காரர் வரை அனைவரும் முகம் சுளித்தாலும், நிலத்தின் மேடு பள்ளங்கள் உண்மையாகக் கண்ணுக்குத் தெரிவது அந்த நாள்களில்தான். எனக்கு மோவாப் டிசம்பரும் அப்படித்தான் தோன்றியது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவனுக்கு இது விடாத பழக்கம். அந்தப் பாறை மணற்கல். மணல் துகள்களின் மேற்புறத்தில் படிந்துள்ள இரும்புத் துரு, அதாவது இரும்பு ஆக்சைடு, அதற்குச் செந்நிறம் தருகிறது. நம் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் சிவப்பைத் தருவது அதே இரும்புதான். ஆனால் இங்கே ஓயாத மழை மற்ற சத்துகளை அரித்துக்கொண்டு போன பிறகு எஞ்சிய இரும்பு அது. மோவாபுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 230 மில்லிமீட்டர்தான். ஈப்போ வட்டாரத்தில் அதை ஒரே மாதத்தில் பார்த்துவிடுகிறோம்.

இனி வளைவுகள். அந்த நிலத்தின் அடியில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்குமுன் வற்றிய கடல் விட்டுச்சென்ற தடித்த உப்புப் படுகை இருக்கிறது. மேலே குவிந்த பாறைகளின் பாரம் தாளாமல் உப்பு பிதுங்கி நகர, மேலிருந்த மணற்கல் வளைந்து, இணை இணையாகப் பிளந்தது. பிளவுகளில் நீர் இறங்கி, துகள்களைப் பிணைத்திருந்த சுண்ணச்சத்தைக் கரைத்தது. பிறகு குளிர்காலம் தன் வேலையைச் செய்தது. நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடையும்; பகலில் உருகி, இரவில் உறைந்து, ஆப்பு வைத்து அடிப்பதுபோலப் பாறையை உள்ளிருந்து உடைக்கிறது. ஆவணப்படுத்தப்பட்ட வளைவுகள் மட்டும் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. ஈப்போவைச் சுற்றியுள்ள நம் சுண்ணாம்புக்கல் மலைகளை மழை கரைத்துக் குகை குடைந்தது. அங்கே வேலையில் பெரும்பங்கு உறைபனியுடையது. எனவே டிசம்பரில் போகிறவர், அந்தச் சிற்பம் செதுக்கப்படும் நேரத்திலேயே பட்டறைக்குள் நுழைகிறார். பட்டறை என்றால் உடைவதும் உண்டு. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்னும் ஏறத்தாழ 90 மீட்டர் நீள வளைவிலிருந்து 1991-இல் பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். வால் ஆர்ச் என்னும் மற்றொன்று 2008 ஆகஸ்டில் முழுவதுமாகவே சரிந்தது.

குளிர் எப்படி இருக்கும்? டிசம்பரில் பகலில் சராசரியாக 7 பாகை செல்சியஸ் வரை ஏறும். இரவில் சுழியத்துக்குக் கீழே 5 அல்லது 6 பாகைக்கு இறங்கும். மோவாப் கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டர் அளவில் இருக்கிறது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிடத் தாழ்வு. உயரம் சமம் என்று எண்ணிக் கேமரன் சட்டையோடு போய்விடக் கூடாது, அட்சரேகை வேறு. ஆனாலும் அது ஈரமற்ற குளிர். காற்று அடங்கி வெயில் இருக்கும் நேரத்தில், நண்பகலில் நடந்தால், மேல் அங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றும். என் கணிப்பில், நம்மவர்களை அங்கே தொல்லைப்படுத்துவது குளிரைவிட வறட்சிதான். உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும், தாகமே தெரியாமல் உடல் நீரை இழக்கும். தண்ணீரைப் போத்தலில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு முறையாவது குடியுங்கள். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும்; வாய் அகன்ற டப்பாவில் கொண்டுபோனால் சுரண்டி எடுக்கலாம்.

அஞ்ச வேண்டியது பனிக்கட்டிக்குத்தான். முன்னே சொன்ன தாழ்ந்த வெயில், வடக்கு நோக்கிய சரிவுகளை வாரக்கணக்கில் எட்டிப் பார்ப்பதே இல்லை. விழும் வெண்பனி கொஞ்சம்தான். வெயில் படும் இடத்தில் ஓரிரு நாளில் உருகிவிடும். நிழல் படிந்த இடத்தில் அதுவே மிதிபட்டு, உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடித் தகடாகிவிடும். மணற்கல் காய்ந்திருந்தால் சப்பாத்துக்கு நல்ல பிடிமானம் தரும். அந்த நம்பிக்கையில் அடுத்த எட்டு பனிக்கட்டியில் விழும்போதுதான் கால் போகிறது.

இதை நான் அனுபவித்தே கற்றேன். முதல் டிசம்பரில், டெலிகேட் ஆர்ச் வளைவை மாலை வெயிலில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு, மூன்று மணிக்குமேல் கிளம்பினேன். யூட்டா மாநிலக் கார்களின் எண் தகட்டில் அச்சிட்டிருக்கும் 16 மீட்டர் உயர வளைவு அது. போய்வர ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் 150 மீட்டருக்கு அருகில். வழியில் நிழலோ கைப்பிடியோ கிடையாது. கடைசி இருநூறு மீட்டர், பாறைச் சுவரை ஒட்டிச் செதுக்கிய விளிம்புப் பாதை. ஏறும்போது வெளிச்சம் இருந்தது. வளைவுக்குப் பின்னால் லா சால் மலைகள் வெண்பனி போர்த்தி நின்றன. அவற்றின் உச்சி 3,877 மீட்டர், நம் கினபாலு மலையைவிடச் சற்றே குறைவு. சிவப்புக்குப் பின்னால் வெள்ளை, அதற்குப் பின்னால் கருநீலம். அந்தக் காட்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து மணிக்குச் சூரியன் மறைந்தது. பத்து நிமிடத்தில் பாதை உறைந்தது. அறுபது வயதைத் தாண்டிய நான், கைப்பேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த விளிம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கினேன். கைப்பேசியும் குளிரில் மின்கலம் இறங்கிப் பாதி வழியில் அணைந்தது. பின்னால் வந்த ஓர் இளம் தம்பதியர் தங்கள் நெற்றி விளக்கின் ஒளியில் என்னை அழைத்து வந்தார்கள். தவறு முழுவதும் என்னுடையது.

ஆகவே உங்கள் நாளை மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். டிசம்பரில் அங்கே சூரியன் காலை ஏழரை மணி அளவில் உதித்து, மாலை ஐந்துக்குச் சற்று முன் மறைகிறது. பகல் ஒன்பதரை மணி நேரம்தான். ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் ஊரிலிருந்து போகும் நமக்கு இந்தக் குறுக்கம் முதல் இரண்டு நாள் பிடிபடாது. கரடுமுரடான பாதைகளைப் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்குமேல் காரிலிருந்து பத்து நிமிட நடையில் எட்டக்கூடிய இடங்கள் மட்டும். டெலிகேட் ஆர்ச்சுக்கு நீங்களும் மகளும் பதினோரு மணிக்கு ஏறத் தொடங்குங்கள்; நண்பகலிலேயே சாய்வெயில் இருக்கும்போது, அந்தி வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. நடைபாதை தொடங்கும் இடத்துக்கு அருகே, குதிரை வீரர்களைச் செதுக்கிய யூட் பழங்குடியினரின் பாறைச் சித்திரம் இருக்கிறது; போகிற போக்கில் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மனைவி அந்த ஏற்றத்துக்கு வர வேண்டாம். அதே வளைவைத் தூரத்திலிருந்து காட்டும் கீழ்ப் பார்வையிடம் ஒன்று உண்டு. கார் நிறுத்துமிடத்திலிருந்து நூறு மீட்டர், சமதரை. தூரம் அதிகம்தான், வளைவு சுண்டுவிரல் அளவே தெரியும். ஒரு தொலைநோக்கி இருந்தால் குறை தீரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் பூங்காவைவிட வசதியான பூங்கா அமைவது கடினம் என்பது என் எண்ணம், ஏனென்றால் 29 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் சாலை ஓரத்திலேயே பாதிச் செல்வம் கொட்டிக் கிடக்கிறது. ஒரு பெரும் பாறை மெல்லிய தூணின்மேல் உட்கார்ந்து, மொத்தம் 39 மீட்டர் உயரம் நிற்கும் பேலன்ஸ்டு ராக்கைச் சுற்றிவர அரை கிலோமீட்டர்தான். ஒரே அடியிலிருந்து இரண்டு வளைவுகள் கிளம்பும் டபுள் ஆர்ச்சுக்கு மணற்பாதை, ஏற்றம் மிகக் குறைவு. அதற்கு எதிரே இருக்கும் விண்டோஸ் பகுதியில் சில படிகள் உண்டு. படியில் பனி இருந்தால் கீழிருந்தே பார்க்கலாம், குறையொன்றும் இல்லை. மாலை நான்கு மணிக்கு அந்த வட்டாரத்தில் இருங்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்குப் போய்வர ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் சரளைப் பாதை. காலின் நிலையைப் பார்த்து அங்கேயே முடிவு செய்யுங்கள்.

பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள். அங்கே மணலின்மேல் கருமையாக, பொருக்குப் போலத் தெரிவது உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து மண்ணைக் கட்டி வைத்திருக்கும் தோல் அது. ஒருமுறை மிதித்தால் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் வெண்பனி அதை மூடியிருப்பதால், வெறும் பனிதானே என்று கால் வைத்துவிடுவோம்.

இரண்டாவது நாளைக் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். அதில் 'ஐலண்ட் இன் த ஸ்கை' என்னும் மேட்டுப் பகுதி மோவாபிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயரம் 1,800 மீட்டரைத் தொடுவதால் குளிர் இன்னும் ஒரு படி கூடுதல். அங்கே மேசா ஆர்ச் என்னும் வளைவு, பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறது. சூரியன் உதித்ததும், கீழே உள்ள செங்குத்துப் பாறையில் பட்ட ஒளி மேலே எதிரொளித்து, வளைவின் அடிப்பக்கம் உலைக்களம்போல் ஒளிரும். கோடையில் இதைப் பார்க்கப் பின்னிரவிலேயே கிளம்பி, முக்காலிகளோடு நிற்கும் கூட்டத்தில் இடம் பிடிக்க வேண்டும். டிசம்பரிலோ ஆறு மணிக்குப் புறப்பட்டால் போதும். மார்கழித் திருப்பள்ளியெழுச்சிக்கும், அதற்குமுன் ஒரு தலைமுறை தோட்டத்தில் பேர் கொடுக்கும் பிரட்டுக்கும் இருட்டோடு எழுந்து பழகிய நமக்கு அது விடியற்காலையே அல்ல. பாதை ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் வளைவுக்கு அப்பால் தடுப்புச் சுவர் இல்லாத பாதாளம். பனி இருக்கும் காலையில் வளைவின் அருகே போகாமல், நான்கைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

சில குளிர்காலக் காலைகளில், குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்க, மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். அப்போது கீழே முழுவதும் மேகக் கடல், மேலே செம்பாறை உச்சிகள் மட்டும் தீவுகளாக மிதக்கும். இதே நிகழ்வு சால்ட் லேக் சிட்டியில் நடந்தால், வாகனப் புகை எல்லாம் நகரத்தின்மேல் தேங்கி, நம் புகைமூட்ட நாள்களை நினைவுபடுத்தும். மகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். திரும்பும் வழியில் டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கொலராடோ ஆறு 600 மீட்டர் கீழே வளைந்து திரும்பும் காட்சி அது. காரிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து சில நிமிட நடை, முழங்காலுக்குச் சிரமமில்லை.

ஊரைப் பற்றி. மோவாபில் இன்று ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள். 1952-இல் சார்லி ஸ்டீன் என்பவர் அருகே யுரேனியத் தாது கண்டுபிடித்ததும், ஊர் ஒரே இரவில் வீங்கியது. பின்னர் யுரேனியத்துக்குத் தேவை குறைந்ததும் சுருங்கியது. ஆற்றங்கரையில் அந்தத் தாதுவைப் பிரித்தெடுத்த ஆலை விட்டுச்சென்ற 1.6 கோடி டன் கதிரியக்கக் கழிவை 2009 முதல் ரயிலில் ஏற்றி, 50 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்ப் புதைத்து வந்தார்கள். ஈயச் சுரங்கக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், லயன் வீடுகள் காலியானதையும் கண்ட நமக்கு அந்த ஊரின் கதை அயலாகத் தோன்றாது. இப்போது அது சுற்றுலாவை நம்பி வாழ்கிறது. சுற்றுலா ஓயும் டிசம்பரில் உணவகங்களில் பல கதவடைத்துவிட்டு, நடத்துபவர்கள் தங்கள் விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள். திறந்திருப்பவையும் எட்டு மணிக்கெல்லாம் மூடிவிடலாம். ஆற்றுப் படகுப் பயணங்கள் கிடையாது. உங்களை எச்சரித்தவர் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சைவ உணவுக்காரருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் அந்த ஊரின் உணவகங்கள் கோடையிலும் நமக்காகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள அறையாகப் பாருங்கள். பருவம் ஓய்ந்த காலத்தில் அத்தகைய அறைகளே மலிவாகக் கிடைக்கும். ஊரில் பெரிய மளிகை அங்காடி ஆண்டு முழுவதும் இயங்குகிறது. அரிசி, காய்கறி, தயிர் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து பொடி வகைகள் மட்டும் போதும். நம் ஊர் மின்சோற்றுப் பானை அந்நாட்டின் 120 வோல்ட் மின்சாரத்தில் சரியாக இயங்காது என்பதால், மகளிடம் ஒன்று இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள். சுங்கச் சோதனையில் உணவுப்பொருள் எதுவானாலும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். இறைச்சி கலந்ததும் பழங்களும் வேண்டவே வேண்டாம். பூங்காவுக்குள் உணவுக் கடையோ எண்ணெய் நிலையமோ இல்லை. காலையில் பசியாறிவிட்டு, எலுமிச்சைச் சோறும் வெந்நீர்க் குடுவையில் தேநீரும் கட்டிக்கொண்டு போவதே சிறந்த வழி.

எனக்கு உண்மையில் கவலை தருவது சாலைதான். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் ஏறத்தாழ 375 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்; இங்கிருந்து மலாக்காவுக்குப் போகும் தொலைவு. வழியில் சோல்ஜர் சம்மிட் என்னும் 2,279 மீட்டர் உயரக் கணவாய் இருக்கிறது. மோவாபில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் அங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கலாம். காலை பத்து மணிக்குமேல் புறப்பட்டு, இருட்டுமுன் சேர்ந்துவிடுங்கள். அந்திக்குப் பிறகு மான்கள் சாலையில் குறுக்கிடும். பாலங்களின் மேலும் மலை நிழல் விழும் வளைவுகளிலும், கறுப்புத் தாரோடு தாராகக் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். அங்கே பிரேக்கை மிதிக்காமல், முன்பே வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும். நீங்கள் ஓட்ட வேண்டாம், மகளே ஓட்டட்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நாம் வலப்பக்கம் ஓட்டுவதே ஒரு வேலை. அதனோடு பனியையும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை அல்ல. சாலை நிலவரத்தை அறிய அந்த மாநிலத்தில் 511 என்ற எண்ணை அழைக்கலாம். வானிலை அறிவிப்பில் வெப்பநிலையைப் பாரன்ஹீட்டில் சொல்வார்கள். 32 என்றால் நீர் உறையும் நிலை என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் ஒரு நாளை வெறுமனே விட்டு வைக்கச் சொல்கிறேன். நான்கு இரவுகள் தங்குவதாக இருந்தால், இடையில் கிடைக்கும் மூன்று முழு நாளில் இரண்டு நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். பனி விழுந்தால் பூங்காச் சாலையைத் துப்புரவு செய்யும்வரை சில மணி நேரம் மூடி வைப்பார்கள், கணவாயும் அடைபடலாம். பனி விழுந்த மறுநாள் காலையில் வானம் தெளிந்து, சிவப்புப் பாறையின் தோளில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரக் காட்சிக்காகவே குளிர்காலத்தில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அது உங்களுக்கும் வாய்க்கலாம்.

உடைக்குப் பெரிய கடைகளில் செலவழிக்காதீர்கள். நம் ஊர்ப் பண்டல் கடைகளில் ஜப்பானிலும் கொரியாவிலும் உடுத்திக் கழித்த குளிரங்கிகள் முப்பது நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கின்றன. நான் மூன்று பயணங்களிலும் உடுத்தியது அத்தகைய ஒன்றைத்தான். பருத்தி உள்ளாடை வேர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக் குளிரும் என்பதால், கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை இரண்டு சோடி வேண்டும். காது மூடும் தொப்பி, கையுறை, பனியில் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, நெற்றி விளக்கு, மனைவிக்கு ஊன்றுகோல் இரண்டு. சப்பாத்தின் அடியில் இழுத்து மாட்டக்கூடிய, இரும்பு முள் பதித்த ரப்பர் பட்டை மிக முக்கியம். அதில்லாமல் டெலிகேட் ஆர்ச்சுக்கு ஏற வேண்டாம்.

சயான், பிரைஸ் கேனியன் பூங்காக்களையும் அதே வாரத்தில் சேர்க்கலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிரைஸ் மோவாபிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேலான தொலைவு. 2,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஆழ்ந்த பனிக்குள் இருக்கும். குறும்பகலில் காரிலேயே நாள் கழிந்துவிடும். செலவும் ஒரு காரணம்: 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவரிடம், அதிகக் கூட்டம் வரும் 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்குமேல் தலைக்கு 100 டாலர் வாங்குகிறார்கள். சயானும் பிரைஸும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆர்ச்சஸும் கேனியன்லேண்ட்ஸும் இல்லை. அவற்றில் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் பூங்காக்களின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்கே இருட்டுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஆர்ச்சஸ் 2019 முதல் பன்னாட்டு இருள்வான் பூங்காவாக ஏற்கப்பட்ட இடம். விண்மீன் பார்க்க நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியதில்லை. பால்வீதியின் ஒளிமிகுந்த நடுப்பகுதி கோடையில்தான் தெரியும், அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஏழு மணிக்கெல்லாம் கார்த்திகைக் கூட்டம் கிழக்கே உயர்ந்திருக்கும். சிறிது நேரத்தில் மிருகசீரிடமும், செந்நிறத் திருவாதிரையும் பாறைகளுக்கு மேலே வந்துவிடும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் அறிந்த மீன்களை உங்கள் மனைவிக்கு விரலால் சுட்டிக் காட்டலாம். அமாவாசையை ஒட்டிய நாள்களாகப் பார்த்து அறை பதிவு செய்தால் நல்லது. காரை நிறுத்தும் இடத்திலேயே நின்று பாருங்கள், இருட்டில் நடக்க வேண்டாம்.

முன்னே சொன்ன முள் பட்டைகள் இங்குள்ள கடைகளில் கிடைப்பது அரிது. என்னிடம் இரண்டு சோடி இருக்கின்றன, நெற்றி விளக்கும் ஒன்று இருக்கிறது. பள்ளி முடிந்து ஒரு மாலை வீட்டுக்கு வந்து எடுத்துப் போங்கள். வரும்போது நீங்கள் அணியப்போகும் சப்பாத்துகளையும் கொண்டு வந்தால், அளவு சரியா என்று மாட்டிப் பார்த்துவிடலாம்.